கேட் தாண்டியும் நிற்காத கை

முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்கலாம் என்று மருந்துக் கடையில் வெந்நீர்ப் பை ஒன்று வாங்கி வந்தேன். பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. வெந்நீர் ஊற்ற மறந்துவிட்டு, வெறும் பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. மருமகள் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, தண்ணியே இல்லாம ஒத்தடமா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கை தன்பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது.

உன் பெயரை இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் உன் அண்ணன் பிள்ளைகள் எங்கேயாவது படித்துவிட்டு, "ஆன்ட்டி, எங்க அத்தையைப் பத்தி இதெல்லாம் எதுக்கு?" என்று போன் செய்வார்கள். நீ இருந்தால் நீயே கேட்டிருப்பாய். நீ இல்லாத தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாம் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் மூச்சுப் பையும் இதே கறுப்பு ரப்பர், இதே வாசனை. தானாக மூச்சுவிட முடியாதவரின் மூக்கையும் வாயையும் சேர்த்து மறைக்கும்படி மூடியை வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையை அமுக்கினால் நெஞ்சு ஏறும். விட்டால் இறங்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கு மெஷின் இருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஓரத்தில் இருந்த நம் சின்ன ஆஸ்பத்திரியில் நாம்தான் மெஷின். கை வலித்தால் இன்னொரு மெஷினைக் கூப்பிடுவோம்.

நீயும் நானும் ஆவடியிலிருந்து ஒரே ரயிலில் வருவோம். என் அப்பா ஃபேக்டரி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டவர். உன் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த காலனியில். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்த சின்னச் சிலுவை, தொப்பிக்கு அடங்காத சுருட்டை முடி, எதையும் நேராகக் கேட்கும் வாய். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்ததால் நமக்குள் பெரியவள் சின்னவள் சண்டையே கிடையாது. இன்றைக்கு டீ யார் செலவு என்பதில்தான் சண்டை.

வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது என்ற ஒரு வழக்கம் அப்போது இருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "உசுரு இருக்கச் சொல்லவே ஊட்டுக்கு இட்டுகினு போய்டலாமா?" என்பதுதான். உயிர் இருக்கும்போதே வீடு சேர்ந்துவிட வேண்டும். வெளியில் உயிர் போய்விட்டால் உடலை வாசற்படிக்கு உள்ளே எடுக்க மாட்டார்கள். தெருப் பந்தலிலேயே கிடத்தி அங்கிருந்தே தூக்கிவிடுவார்கள். தன் வீட்டுக்குள் போக முடியாத சாவு கெட்ட சாவு என்று பேச்சு. அதனால் வேனில் மூச்சுப் பையோடு ஒரு நர்ஸ் கூடவே போகவேண்டும். வீட்டுக்குள் கிடத்தி, சொந்தபந்தம் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றிய பிறகு, பையை எடுத்துவிட்டு வரவேண்டும்.

டாக்டர் ஒரே வரியில் முடித்துவிடுவார். "வீட்ல போய் எடுத்துருங்க சிஸ்டர்." அந்த 'எடுத்துருங்க'வுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு தடவையாவது வேனில் ஏறிப் பார்த்திருக்கிறாரா? அமுக்கும் கையை எப்போது எடுப்பது, எடுத்தால் அது என்ன காரியம், எடுத்த பிறகு அந்த வீட்டுப் பெண்கள் நம்மைப் பார்க்கும் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது ஊசி போடும் நேரம் ஆகியிருக்கும். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம்.

அதை மாற்றியவள் நீ. அப்போது காயத்துக்கு வைக்கும் காஸ் துணி பெரிய பெரிய சுருளாக வரும். பகல் ஷிஃப்ட் முடிகிற மத்தியான வேளையில் நாம் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அதை வெட்டிச் சதுரமாக மடித்து, நீராவியில் வேகவைக்க எஃகு டிரம்மில் அடுக்குவோம். அப்படி மடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், தலையைத் தூக்காமல் நீ சொன்னாய்: "இன்னைக்கு நான் கையை எடுத்ததும் அந்தம்மா என்னைக் கும்பிட்டாங்க. எதுக்குக் கும்பிட்டாங்கன்னு தெரியல." மறுநாள் ஆயாம்மா தன் மனசில் கிடந்த ஒன்றைச் சொன்னாள். அதற்கடுத்து வேன் டிரைவர் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்படியே பழக்கமாகிவிட்டது. கை காஸ் மடித்துக்கொண்டிருந்ததால் மேட்ரனாலும் அரட்டை என்று திட்ட முடியவில்லை. மாலை ஷிஃப்ட்டுக்கு வருகிறவர்கள், "இன்னா, கோர்ட்டு கூடிச்சா?" என்று கேலி செய்துகொண்டே அவர்களும் உட்காருவார்கள்.

அந்த மேசைக்கு நீ வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "'நானா இருந்தா'ன்னு யாரும் ஆரம்பிக்கக் கூடாது. நீங்க அங்க இல்ல." அதற்குப் பதில், வேனில் இன்னும் யார் இருந்தார்கள், அவர்கள் முகம் எப்படி இருந்தது, சொல்கிறவருக்கு எந்த இடம் தாங்க முடியாமல் போனது என்றெல்லாம் கேட்கச் சொல்வாய். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. புத்தி சொல்லக் கூடாதென்றால் அப்புறம் எதற்குப் பேச்சு என்று ரயிலில் உன்னோடு சண்டை கூடப் போட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் தனம் என்ற பெண்ணின் புருஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். வேலை செய்துகொண்டிருந்தபோதே தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் கண் திறக்கவில்லை. மூளைக்குள் ரத்தம். கள்ளிக்குப்பத்தில் அவரும் அவர் அண்ணனும் ஒரே வீட்டில் பாதிப் பாதியாக இருந்தார்கள். டாக்டர் கைவிட்ட அன்று காலையிலேயே அந்த அண்ணன் வந்து, "டாக்டரே கைய விரிச்சிட்டாரு. இட்டுகினு போய்டலாம்" என்றார். தனம்தான் சம்மதிக்கவில்லை. "சாய்ந்தரம் வரிக்கும் பாத்துடலாம் மாமா. காலைல கண்ணு அசைஞ்ச மாரி இருந்திச்சி" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் அசையவில்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். புருஷன் கண்ணில் அசைவைத் தேடுகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

மத்தியானம் நாடி தளர்ந்தது. தனமும் தளர்ந்தாள். அன்று போகும் முறை உன்னுடையது. முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் அந்த அண்ணன். பின்னால் தலைமாட்டில் நீ, கால்மாட்டில் தனம். நான் வேனின் கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான். மீதி எல்லாம் நீ மேசையில் சொன்னது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எலக்ட்ரிக் ரயில் ஒன்று போனது, கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து வந்தது. டிரைவர் அண்ணன் இறங்கி ஓடிக் கேட்கீப்பரிடம் கெஞ்சினார். "சிக்னலு உளுந்துட்டுது அண்ணாத்தே, நான் இன்னா பண்றது?" என்று அவர் கையை விரித்தார். கூட்ஸின் கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள் நாடி நின்றுவிட்டது. கழுத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரலை வைத்துப் பார்த்தாய். இல்லை. முன்னால் அந்த அண்ணன் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். தனம் புருஷன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அமுக்கிக்கொண்டே இருந்தாய்.

வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். தனம் தண்ணீர் ஊற்றுவதற்காக மூடியை விலக்கினாய். அவள் ஊற்றிய தண்ணீர் கடைவாயில் வழிந்து காதோரம் இறங்கியது. மறுபடி மூடியை வைத்துக் கொஞ்சம் அமுக்கினாய். பிறகு நிறுத்தினாய். "போயிட்டாரும்மா" என்றாய். எப்போது என்று சொல்லவில்லை.

மறுநாள் காஸ் மடிக்கும்போது, "நாடி நின்னுடுச்சு. என் கை நிக்கல" என்று ஆரம்பித்தாய். டிரைவர் அண்ணன், "அது புண்ணியம் சிஸ்டர்" என்றார். அந்தப் பக்கம் வந்த மேட்ரன், செத்தவருக்கு உயிர் இருப்பதாகக் காட்டியது ஏமாற்று வேலை என்று நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். நீ இரண்டையும் வாங்கிக்கொள்ளவில்லை. "நான் யாருக்காக அமுக்கினேன்? அவளுக்காகவா, இல்ல அந்த வேன்ல 'போயிட்டாரு'ன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்லாததாலயா?" என்று எங்களையே கேட்டாய்.

கருமாதி முடிந்த கையோடு தனம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நேராக மேசைக்கே வந்துவிட்டாள். நீ எழுந்து அவளை உட்கார வைத்தாய். உன்னை ஏதோ கேட்கப் போகிறாள் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"ரயில்வே கேட்டாண்டயே கால் சில்லுனு ஆய்டுச்சி சிஸ்டர்" என்றாள். "என் கைலதான கால் இருந்திச்சி. எனக்குத் தெரியும். சொன்னா நீ நிறுத்திடுவியோன்னுதான் வாயத் தொறக்கல."

உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவளுக்காக நீயும், உனக்குத் தெரியாமலிருக்க அவளுமாக, இரண்டு பேரும் அந்த வேனில் ஒரே பொய்யைச் சுமந்துகொண்டு போயிருக்கிறீர்கள்.

அவள் வந்தது அதைச் சொல்ல மட்டுமல்ல. புருஷனின் அண்ணன் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்ததைப் பார்த்துவிட்டார். தம்பி ரோட்டிலேயே போய்விட்டான், பிணத்தைத்தான் வீட்டுக்குள் ஏற்றினார்கள், காலையிலேயே கொண்டுவந்திருந்தால் இந்தத் தோஷம் வந்திருக்காது, எல்லாம் இவளால் என்று ஆரம்பித்து, "ஊட்ட உட்டுக் கெளம்பு, புள்ளைங்கள இட்டுகினு உங்க ஆத்தா ஊட்டுக்குப் போ" என்பதில் வந்து நின்றிருந்தார். பாதி வீட்டை முழு வீடாக்கிக்கொள்ள அவருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் தெருவே அவர் பக்கம் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு சிஸ்டர். ஊட்டுக்கு வரச்சொல்ல உசுரு இருந்திச்சின்னு. நர்சு சொன்னா அவரால தட்ட முடியாது" என்றாள். கெஞ்சவில்லை. கடைக்குப் போகும்போது இதையும் வாங்கிவா என்பது போல நிதானமாகச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அவள் போன பிறகு மேசையில் ஒரே சத்தம். பொய்யால் ஒரு குடும்பம் தெருவுக்கு வராமல் இருக்குமென்றால் அது பொய்யே இல்லை என்றாள் ஆயாம்மா. இன்றைக்கு இதற்குப் பொய் சொன்னால் நாளைக்கு நர்ஸ் வார்த்தையை யார் நம்புவார்கள் என்றாள் இன்னொருத்தி. 'நானா இருந்தா' என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கினேன். நீ எல்லோரையும் பேசவிட்டு, கடைசியில் சொன்னாய்: "கை ஏற்கெனவே சொல்லிடுச்சு. வாயும் சொல்லிட்டு வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நீ வெள்ளைப் புடவையோடு கள்ளிக்குப்பத்துக்கு வந்தாய். நானும் கூட வந்தேன். தனத்தின் புருஷனுடைய அண்ணனைப் பற்றி நான் மனசில் வரைந்து வைத்திருந்த படம் வேறு. அவரோ எழுந்து நின்று, நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கி வரச் சொல்லி உபசரித்தார். தம்பி பெயரைச் சொன்னபோது அவருக்குக் குரல் உடைந்தது. வீட்டுக்காகத்தான் செய்கிறார் என்று நான் நினைத்தது முழுக்கச் சரியில்லையோ என்று அப்போதே தோன்றியது. சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்தபடி தனம் நின்றிருந்தாள். பிள்ளைகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்தார்கள்.

நீ சொன்னாய். "வீட்டுக்கு வரும்போது உயிர் இருந்துச்சுங்க." குரல் ஆடவில்லை. நன்றாகவே சொன்னாய்.

அவர் உன் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். பிறகு, "நீ வேதக்காரப் பொண்ணு. கோயிலுக்குப் போய்ட்டு வந்துகீற. அந்தச் சிலுவையத் தொட்டு ஒரு தபா சொல்லிடும்மா. அதுக்கப்புறம் நான் இவள ஒரு வார்த்தை கேட்டேன்னா என்ன செருப்பால அடி" என்றார்.

உன் கை கழுத்துக்குப் போனது. சிலுவையைப் பிடித்தது. உன் உதடு அசைந்தது. அப்படியே நின்றுவிட்டது. நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன், அதே சமயம் நீ சொல்லிவிடுவாயோ என்று நடுங்கிக்கொண்டும் இருந்தேன். நான் சத்தியம் செய்யலாமென்றால் நான் அந்த வேனில் இல்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். உன் கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது. வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

தனம்தான் பேசினாள். "போதும் சிஸ்டர். உடுங்க."

அவ்வளவுதான். அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த மனிதர் உன்னைத் திட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தம்பி ரோட்டில் போய்விட்டான் என்பது அப்போதுதான் அவருக்கே உறுதியானது. நாம் போகாமல் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சந்தேகமாவது மிச்சம் இருந்திருக்கும், தனத்துக்கும் அதில் ஒரு மூலை கிடைத்திருக்கும். ஆளுக்கொரு கலர் பாட்டில் திறந்தபடியே இருந்தது. நாம் குடிக்கவில்லை.

அந்த வாரத்திலேயே தனம் காட்டுப்பாக்கத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று டிரைவர் அண்ணன் வந்து சொன்னார். விஷயம் மேட்ரன் காதுக்கும் போனது. அவர் எல்லோர் முன்னாலும் உன் தோளைத் தட்டி, "நீதான் நர்ஸ். சத்தியத்தை விட்டுக் கொடுக்கல பார்" என்றார். அன்று மாலை அம்பத்தூர் பிளாட்பாரத்தில் ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது சொன்னாய்:

"சத்தியத்துக்காக இல்லடி. பயந்துட்டேன். பொய்ச் சத்தியம் பண்ணா செத்தப்புறம் எனக்கு என்ன ஆகும்னு பயந்தேன். அவ புள்ளைங்க நாளைக்கு எங்க படுக்கும்னு அந்த நேரத்துல ஞாபகமே வரல. இதப் போய் அவங்க நல்லதுன்னு சொல்றாங்க."

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? உன்னை நல்லவள் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். பரவாயில்லை என்றால் தனத்துக்கு அது துரோகம். அடுத்த ரயில் வந்தது. ஏறினோம்.

மறுநாள் அதையும் மேசையில் சொன்னாய், பயந்தது உட்பட. அதற்குப் பிறகு அந்த மேசையில் பேச்சு மாறிவிட்டது. அதுவரை எல்லோரும் தாங்கள் செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகுதான் செய்யாமல் விட்டதைச் சொல்ல ஆரம்பித்தோம். யாருக்கும் தீர்வு கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. வேனில் போய்விட்டு வந்தவள் தனியாகக் கை கழுவிக்கொண்டு நிற்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் அந்த மேசையில் தனத்துக்கு ஒரு நாற்காலி இருந்ததா என்று கேட்டால், அன்று ஒரு நாள் உட்கார்ந்ததோடு சரி. நமக்குத்தான் மேசை. அவளுக்குத் தெரு.

இப்போது இதற்கெல்லாம் வகுப்பு வைக்கிறார்கள். எத்திக்ஸ் என்று பெயர், முடித்தால் சான்றிதழ் கூட உண்டு. பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு நர்சிங் பள்ளியில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சிக்கலைச் சொல்லி, கீழே நான்கு விடை கொடுத்து, சரியானதைத் தேர்ந்தெடு என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு உன் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். ஒருத்தி மட்டும் பேசவே இல்லை. முடிந்த பிறகு என்னைத் தேடி வந்து, போன வாரம் தானும் இப்படி ஒருவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதாகச் சொல்லிவிட்டு, "கரெக்ட்டா என்ன பண்ணியிருக்கணும் மேடம்?" என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளோடு நடந்தேன். வேனில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அவள் பேச ஆரம்பித்தாள். இரண்டு பஸ்ஸை விட்டோம்.

உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது நீ படுக்கையில் இருந்தாய். தனத்தைப் பற்றித்தான் கேட்டாய். காட்டுப்பாக்கத்துக்கு நாம் தேடிப் போனதும், அவள் அம்மா வீட்டில் வேறு யாரோ குடியிருந்ததும், தனமும் பிள்ளைகளும் எங்கே போனார்கள் என்று பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போனதும் உனக்கு மறக்கவில்லை. "ஏதாவது தெரிஞ்சுதாடி?" என்றாய். இல்லை என்று தலையாட்டினேன். நன்றாக இருக்கிறாளாம், பையன் வேலைக்குப் போகிறானாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். என்னாலும் முடியவில்லை.

அந்தக் கூடத்தை நான் இன்னும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். உன்னைச் சிலுவையைத் தொட்டுச் சொல்ல வைக்கிறேன். தனம் வீட்டில் இருக்கிறாள், திரும்பி வரும் ரயிலில் நீ என் முகத்தைப் பார்க்க மறுக்கிறாய். ரயில்வே கேட்டிலேயே உன் கையை நிறுத்தச் சொல்கிறேன். தனத்தின் புருஷன் தெருவில் கிடக்கிறார், தனம் அவர் தலைமாட்டில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். எப்படிப் போட்டாலும் ஒருத்தி அடிபடுகிறாள். நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று விட்டால், "போதும் சிஸ்டர், உடுங்க" என்று அவள் குரல் கேட்கிறது. நாம் அவளைக் காப்பாற்றப் போனோம். வீட்டை இழக்கப் போகிற அவள், உன்னைக் காப்பாற்றி அனுப்பிவைத்தாள். அதற்கு ஒரு நன்றி சொல்ல அவள் இருக்கும் இடம் உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.